பெயர் எழுதாத சிலுவை

ஆகஸ்ட் 26, திங்கள்

இந்த டைரி லென்ஸ் கம்பெனிக்காரன் புத்தாண்டுக்கு நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கொடுத்தது. இத்தனை நாளும் மேசை டிராயரில் சும்மா கிடந்தது. அம்மாவுக்கு எந்த மாத்திரை எப்போது கொடுத்தேன் என்று குறித்துவைக்கத்தான் இன்று வீட்டுக்கு எடுத்துவந்தேன். காலை: வெள்ளை ஒன்று, மஞ்சள் பாதி. சாப்பாட்டுக்குப் பிறகு வலி மாத்திரை. எழுதியாயிற்று. இவ்வளவு இடம் வீணாகப் போகிறதே என்று மற்றதையும் எழுதுகிறேன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். ஈரலில் வந்திருப்பது இனி மருந்துக்குக் கட்டுப்படாதாம். "வீட்ல வெச்சு நல்லா பாத்துக்கோங்கம்மா. என்ன கேக்குறாங்களோ குடுங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

"இன்னாடி சொன்னாங்க?"

"சத்தா சாப்பிடணுமாம்."

"பொய் சொல்லசொல்லோ உனுக்கு மூக்கு வெடைக்கும், உங்கப்பன் மாதிரியே" என்றாள் அம்மா. அதற்கு மேல் கேட்கவில்லை. ஆட்டோ பிராட்வே தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள். "லியோ... ஜெசி, நவம்பர் வரைக்கும் இருப்பேன்ல?"

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்காகக் கேட்கிறாள்.

அம்மா என்னைக் கூப்பிட வாயெடுத்தால் முதலில் வருவது அண்ணன் பெயர்தான். பிறகு திருத்திக்கொள்வாள். லியோ மஞ்சள் காமாலையில் போனபோது அவனுக்கு ஏழு வயது, எனக்கு ஐந்து. அப்போதிலிருந்து இப்படித்தான். பழகிவிட்டது.

ஆகஸ்ட் 29, வியாழன்

தண்ணீர் வரவில்லை. லாரி வந்தபோது நான் கடையில். தனம் அக்கா எங்கள் குடங்களையும் பிடித்து இரண்டு மாடி தூக்கிவந்து வைத்திருந்தார். அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்வதும் அவர்தான். எதிர் வீடு. கைம்மாறாக அவருக்குப் படிக்கிற கண்ணாடி போட்டுத் தருவதாகச் சொன்னேன். "எனுக்குப் படிக்கத் தெரியாதே, கண்ணாடி எதுக்கு?" என்று சிரிக்கிறார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அம்மா வவ்வால் மீன் வேண்டும் என்றாள். விடிந்ததும் காசிமேட்டுக்குப் போய் வாங்கிவந்து வறுத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். கோபம் வந்தது. பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தேன், கோபம் போய்விட்டது.

"ஜெசி, உனுக்கு ஒரே ஒரு வேலதான் வெச்சிட்டுப் போறேன். என்னிய லியோ கூட வெச்சிடு. உங்கப்பாவ மாதிரி எங்கியோ கொண்டும்போய் போட்டுடாத."

அப்பாவைக் கொரோனா இரண்டாம் அலை கொண்டுபோனது. பாலிதீனில் சுற்றி ஊருக்கு வெளியே எங்கோ புதைத்தார்கள். எந்த இடம் என்று நாங்கள் பார்க்கவில்லை. அம்மாவுக்குச் சாவு பயமில்லை. தனியாகக் கிடக்கத்தான் பயம்.

எங்கள் கல்லறையில் புதுக் குழிக்கு இடம் தீர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஏற்கெனவே குழி உள்ள குடும்பம் அதையேதான் திறக்க வேண்டும். பழைய எலும்புகளை வெள்ளைத் துணியில் முடிந்து அடியில் வைத்துவிட்டு, மேலே புதுப் பெட்டியை இறக்குவார்கள். எங்கள் குழிக்குள் முதலில் போனவர் அப்பாவின் அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அப்பாவுக்கே தெரியாது. அவர்மேல் லியோ. லியோமேல் அம்மா. அதற்கும் மேலே நான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது எங்கள் சிலுவையில் பெயர் கிடையாது. பழைய மரச்சிலுவையில் தாத்தா பெயர் மட்டும் இருந்தது. லியோ பெயரை எழுத அம்மா விட்டதே இல்லை. "எழுதிட்டா முடிஞ்சிபோச்சின்னு ஆயிடும்" என்பாள். ஒரு புயலில் வேப்பமரம் விழுந்து அந்த வரிசையே நாசமானது. சிலுவைகள் ஒடிந்து, எல்லா மேடும் சேறு மூடி ஒன்றுபோல ஆகிவிட்டன. அப்பா எங்கள் இடத்தைத் தேடிப் பிடித்துப் புது சிமெண்டுச் சிலுவை நட்டார். அதிலும் பெயர் எழுதவில்லை. வெள்ளையடித்து விட்டதோடு சரி.

செப்டம்பர் 5, வியாழன்

பிள்ளையார் சதுர்த்தி லீவுக்குக் கடையில் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்புகிறார்கள். வித்யா கள்ளக்குறிச்சி. பில் போடும் பெண். என்னிடம் கேட்டாள்.

"ஒங்க ஊரு எதுக்கா?"

"ராயபுரம்."

"அது இல்லக்கா. சொந்த ஊரு?"

"அதான் சொன்னனே."

"அப்ப லீவு வுட்டா எங்கதான் போவீங்க?"

"கல்லறைக்கு."

கெக்கெக்கே என்று சிரித்தாள். நான் ஜோக் அடிக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

குழியைத் திறப்பது பற்றி விசாரித்துவிட்டு, அப்படியே புல்லையும் பிடுங்கிவிட்டு வரலாம் என்று கல்லறைக்குப் போனேன். ஆபீஸில் இருந்தவர், பதிவில் வரிசைதான் இருக்கும், எந்த மேடு என்று குடும்பம்தான் காட்ட வேண்டும் என்றார். சரி என்று உள்ளே போனால், எங்கள் சிலுவைக்கு முன்னால் ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அறுபதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் பக்கெட், பிரஷ். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். இடம் தீர்ந்த கல்லறையில் சண்டை புதிதில்லை.

"இன்னாங்க பண்றீங்க இங்க?"

அவர் நிமிர்ந்தார். என்னையும் என் கையிலிருந்த அரிவாளையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

"ரெஜினா அனுப்ச்சாளாமா?"

"எந்த ரெஜினா?"

"எம் பொண்ணு. நீ அவ ஃப்ரெண்டு இல்லியா?"

"இல்லிங்க. நான் பக்கத்துல..." என்று என் வாயில் ஏன் வந்தது என்று தெரியவில்லை.

"பக்கத்துக் கல்லறையா? அப்ப நீ அவளப் பாத்திருப்பியே!"

பெயர் சூசைநாதன். ரயில்வேயில் வெல்டராக இருந்தவர். இப்போது ஆவடியில் தனியாக இருக்கிறார். மனைவியின் நினைவு நாளுக்கு வந்திருக்கிறார். பக்கெட் தண்ணீரை மேட்டின் ஓரத்தில் ஊற்றிக் கையால் தேய்த்தார். மண்ணுக்குள்ளிருந்து பழுப்புப் பூப்போட்ட டைல்ஸ் வரிசையாக வெளியே வந்தது.

"எங்க வூட்டு சமையக்கட்டுக்குப் போட்டதுல மிச்சம். அவளே கடையில பொறுக்கி எட்த்த டிசைனு. போனதும் இங்க சுத்தி பதிச்சி வுட்டேன்."

அந்த டைல்ஸ் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து சுண்டல் தின்றதற்கு அப்பாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். "அடுத்தவங்க கல்லற மேலயா ஒக்கார்ற?" அது எங்கள் மேட்டுக்குப் பக்கத்து மேடு.

அவர் பேசிக்கொண்டே போனார். மகள் வேறு மதத்துப் பையனோடு போய்விட்டாள். "என் வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். வாயி... சும்மா இருந்திச்சா?" தாய் சாவுக்குக்கூட அவள் வரவில்லை. தகவல் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. ஆனால் புயலுக்கு அடுத்து அவர் வந்து பார்த்தபோது மனைவியின் மேட்டில் புதுச் சிலுவை நின்றது. அன்றிலிருந்து வருஷாவருஷம் நவம்பர் இரண்டு கழித்து வந்து பார்த்தால் பூ காய்ந்து கிடக்கும், மெழுகு உருகிக் கிடக்கும்.

"ரெண்டாந்தேதி மட்டும் நான் வர்றதில்ல. என்னியப் பாத்தா அவ வராம பூடுவா. ஒரு வாரம் வுட்டுட்டு வந்து பாப்பேன். மிட்டாய் தாளு கெடக்கும். அத வெச்சிதான் கண்டுபுடிச்சேன், எனுக்குப் பேரப்புள்ள பொறந்துகீதுன்னு." குரலைத் தாழ்த்தினார். "நீ பாத்தியா? பேரனா, பேத்தியா?"

மிட்டாய் அம்மா லியோவுக்கு வைப்பது.

"கூட்டத்துல கவனிக்கலிங்க" என்றேன்.

செப்டம்பர் 16, திங்கள்

"எடத்தப் பாத்தியா? லியோ நல்லாகீறானா?"

"நல்லாகீறான்மா" என்றேன், மூக்கைக் கையால் மறைத்துக்கொண்டு.

செப்டம்பர் 22, ஞாயிறு

மறுபடி போய்ப் பார்த்தேன். டைல்ஸுக்கு அடுத்த மேடு அமுங்கித் தரையோடு தரையாகிவிட்டது. அதன்மேல் காகிதக் கப்புகள், அழுகிய மாலைகள், உடைந்த தொட்டி. எல்லோரும் தங்கள் கல்லறையைச் சுத்தம் செய்து குப்பையை அங்கேதான் தள்ளுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்திருக்கிறோம். கையெட்டும் தூரத்தில், யாரென்றே தெரியாத ஒரு பெண்மணியின்மேல் விழுந்து அழுதுகொண்டிருந்திருக்கிறோம்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? அம்மாவை லியோவோடு வைக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டியது இந்தக் குப்பை மேட்டை. அதை அவளிடம் சொன்னால், மகனைக் குப்பையில் போட்டிருந்தேன் என்ற நினைப்போடு சாவாள். சொல்லாவிட்டால் இந்த வருஷமும் அவள் அந்தச் சிலுவையைக் கட்டிக்கொண்டுதான் அழப்போகிறாள். சூசைநாதன் வந்து தாளைப் பொறுக்கிப் பார்த்துச் சந்தோஷப்படப் போகிறார். நாங்கள் பூ வைக்காமல் விட்டாலோ, மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்.

குப்பையையெல்லாம் ஒதுக்கினேன். லியோவை நினைத்து அழுகை வந்தது. கூடவே வேறு ஒன்றும் வந்தது. அதை எழுதப்போவதில்லை.

அக்டோபர் 9, புதன்

இன்று சொல்லிவிடுவது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"போன வருசம் ஞாபகம் கீதா? அம்மாம் காத்து அடிச்சிச்சி. எல்லார் மெழுகுவத்தியும் அணஞ்சிது. நம்புளுது மட்டும் நின்னுச்சி. அவந்தான்டி. நான் வந்துகீறேன்னு அவனுக்குத் தெரியும்."

நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன். லியோவுக்கு என்னென்ன பிடிக்கும் என்று வரிசையாகச் சொன்னாள். தேங்காய் பன், கோலி குண்டு, மெரீனா குதிரை, கமர்கட்டு. எனக்கு என்னவோ தோன்றியது. கேட்டுவிட்டேன்.

"எனுக்கு இன்னாமா புடிக்கும்? சின்ன வயசுல?"

அம்மா கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன்.

"நீ ஒண்ணுமே கேக்க மாட்ட" என்றாள். "நல்ல புள்ள."

அக்டோபர் 20, ஞாயிறு

கஞ்சி மூன்று வாய். வெள்ளை மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். துணி ஊற வைத்தேன், மழை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கீழே பசங்கள் வைக்கிற ஒவ்வொரு வெடிக்கும் அம்மா திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழித்தாள். தனம் அக்கா இறங்கிப்போய் சத்தம் போட்டார். "மேல செசிலியம்மா முடியாம கீறாங்க, அறிவில்ல?" வெடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பிளாக்குக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதிரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அம்மாவைக் கேட்காமல் நானே எல்லாவற்றையும் தின்றேன்.

நவம்பர் 2, சனி

போய்விட்டு வந்துவிட்டோம்.

ஆட்டோ கேட் வரைக்கும்தான் போகும். அங்கிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் ஆட்டோக்காரரும் தூக்கிக்கொண்டு போனோம். திருவிழா மாதிரி கூட்டம். செண்டுமல்லிக் குவியல், மெழுகு வாசனை, ஒலிபெருக்கியில் ஜெபமாலை. அம்மா கனக்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சிலுவைக்கு முன்னால்தான் இறக்கினேன். பூவை அவளே தூவ வேண்டும் என்றாள். கமர்கட்டைத் தாள் பிரித்து வைத்தாள். பிறகு நாற்காலியிலிருந்து சரிந்து இறங்கி, சிலுவையின் அடியைக் கட்டிக்கொண்டாள்.

"லியோ, என் ராசா, வந்துட்றேன்டா. இன்னும் கொஞ்ச நாள்தான். அம்மா உங்கிட்டியே வந்துட்றேன். தனியா இருந்தியாடா இத்தினி நாளும்..."

நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரில் சூசைநாதன் நின்றிருந்தார். இரண்டாம் தேதி வருவதில்லை என்றவர், பேரப்பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் இந்த வருஷம் வந்துவிட்டார்போல.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ரோஜா மாலை. இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவரில் ஒரு பொம்மைக் கார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. சிலுவையைப் பார்த்தார், கமர்கட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. நான் தலையை அசைத்தேனா இல்லையா என்று தெரியவில்லை. வேண்டாம் என்று மனதுக்குள் கத்தியது மட்டும் தெரியும்.

அம்மா அவரைக் கவனித்துவிட்டாள். "யாருங்க நீங்க?"

இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா அந்த இடத்திலேயே போய்விடுவாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"பக்கத்துக் கல்லறைங்க" என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த மேட்டுக்குப் போனார். நான் குப்பை ஒதுக்கி வைத்திருந்த வெற்று மேடு. மனைவிக்கு வாங்கிவந்த மாலையை அதன்மேல் பரப்பினார். மெழுகுவத்தி ஏற்றி, காற்றுக்குக் கையால் அணைகட்டினார். பிறகு கவரிலிருந்து பொம்மைக் காரை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, மாலைக்கு நடுவில் வைத்தார்.

"உங்களுக்கு யாருங்க?" அம்மா கேட்டாள்.

"சின்னப் புள்ளமா."

"ஐயோ, உங்களுக்கும் புள்ளையா!" என்று அம்மா கையை நீட்டினாள். அவர் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். சாமியார் மந்திரித்துக்கொண்டே வந்து இரண்டு மேட்டிலும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது நாற்காலியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார். அம்மாவை ஆட்டோவில் ஏற்றியதும், எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். புரசைவாக்கத்தில் கண்ணாடிக் கடை என்று சொல்லிப் பெயரும் சொன்னேன்.

நவம்பர் 8, வெள்ளி

வந்தார். கண் பரிசோதிக்க வேண்டும் என்றார். மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி அட்டையைக் காட்டினேன்.

"மேல இருந்து படிங்க அங்கிள்."

முதல் வரி படித்தார். நிறுத்திவிட்டார். முகம் மெஷினுக்குப் பின்னாலேயே இருந்தது.

"லியோன்றது உங்க அண்ணனா?"

"ஆமா அங்கிள்."

"சிலுவ?"

"எங்கப்பா நட்டாரு. புயலுக்கு அப்பறம் எடம் தெரியாம. எனுக்கே உங்க டைல்ஸப் பாத்த அன்னிக்குத்தான் தெரிஞ்சிது. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"அப்ப ரெஜினா வரவே இல்ல."

நான் அட்டையை இறக்கி வைத்தேன்.

"ஒரு வருசம் செம மழை. பூவெல்லாம் கரஞ்சி கெடந்துச்சி. ஒண்ணே ஒண்ணு முழுசா இருந்துச்சி. பொண்ணு வெச்ச பூவாச்சேன்னு எடுத்தாந்து பைபிளுக்குள்ள வெச்சிகீறேன்." சிரிக்கப் பார்த்தார். "கீதுதான், இன்னும்."

"மன்னிச்சிடுங்க அங்கிள்."

"இன்னாத்துக்கு? புருசன் நானே போவாத நாள்ல எம் பொண்டாட்டிக்குப் பூ வெச்சிகீற. உங்கம்மா அவள மடியில போட்டு அழுதுகீறாங்க. அவ பெத்தது செய்யல, நீங்க செஞ்சீங்க." எழுந்துகொண்டார். "அம்மாகிட்ட சொல்லிடாத. நான் சொன்னனா பாத்தியா?"

கண்ணாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார். அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. கடையில் கேமரா இருக்கிறது. துணியை எடுத்து லென்ஸ் துடைத்தேன்.

நவம்பர் 16, சனி

சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குத் தரும் அவஸ்தை பூசுதல் கொடுத்தார். தனம் அக்கா இந்துதான். முட்டிபோட்டு எல்லா ஜெபத்துக்கும் ஆமென் சொன்னார்.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்றுக் காலை தண்ணீர் வந்த நேரம். கீழே போய் முதல் குடத்தை வைத்துவிட்டு, என்னவோ மனசு கேட்காமல் மேலே ஓடிவந்தேன். அம்மா விழித்திருந்தாள். கிட்டே போனேன். கையைத் தூக்கி என் கன்னத்தைத் தொட்டாள்.

"லியோ" என்றாள்.

திருத்திக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். திருத்தவில்லை. அவ்வளவுதான்.

பரவாயில்லை. யாரையாவது பார்த்துக்கொண்டுதானே போனாள்.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததாம். யாரோ அடைத்தார்கள்.

இன்று அடக்கம். குழி வெட்டுபவர் சிலுவைக்குப் பக்கத்தில் கடப்பாரையை வைத்தபோது, "அது இல்லண்ணா, இது" என்று அடுத்த மேட்டைக் காட்டினேன். "இன்னாடி, சிலுவ அங்கல்ல கீது?" என்றார் தனம் அக்கா. "புயல்ல மாறிடுச்சிக்கா" என்றேன். சொல்ல அவ்வளவுதான் இருந்தது.

இதுவும் தப்பான இடமாக இருந்துவிட்டால்? இவ்வளவும் செய்துவிட்டு அம்மாவை மறுபடியும் யாரோ ஒருவரோடு வைத்தால்? குழிக்குள் இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, மண்ணைத் தட்டி எதையோ மேலே நீட்டினார். பச்சைக் கோலி குண்டு. அப்பா அவன் டவுசர் பையில் கோலியோடுதான் அனுப்பினார் என்று அம்மா சொல்லி அழுவாள். அதைக் கையில் வாங்கியதும் நான் கத்திவிட்டேன். அழுகை இல்லை, வேறு ஏதோ. தகவல் கேட்டு வந்திருந்த சூசைநாதன் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

துணி முடிச்சு மிகச் சின்னதாக இருந்தது. அம்மாவின் பெட்டியை இறக்கினார்கள். கோலியையும் உள்ளே போட்டுவிட்டேன். அவள் சொன்ன ஒரே வேலை முடிந்தது.

நவம்பர் 25, திங்கள்

கடைக்குப் போனேன். வித்யா ஊரிலிருந்து கொண்டுவந்த வேர்க்கடலை கொடுத்தாள். மாத்திரை நேரத்துக்குப் போனில் வைத்த அலாரம் அடித்தது. நீக்க மறந்திருந்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

முப்பதாம் நாள் பூசையை ஞாயிறே வைத்துக்கொண்டோம். முடிந்து கல்லறைக்குப் போனேன். கறுப்புப் பெயின்ட்டும் பிரஷும் எடுத்துப்போயிருந்தேன்.

சூசைநாதன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா மேட்டில் இரும்புச் சிலுவை நின்றது. அவரே வெல்டிங் வைத்து, வெள்ளை அடித்து, பஸ்ஸில் எடுத்துவந்திருக்கிறார். "கண்டக்டரு லக்கேஜு டிக்கெட்டு போடணும்னான். சிலுவைக்காடான்னு கேட்டேன், வுட்டுட்டான்."

முதலில் தாத்தா பெயர் எழுதினேன். கீழே லியோ. அதற்கும் கீழே செசிலி. கடையில் ஸ்டிக்கர் எழுதி எழுதி என் எழுத்து நன்றாகத்தான் இருக்கும். லியோ பெயரை எழுதும்போது அம்மா திட்டுவது காதில் கேட்டது. முடிந்துபோனதாகவே இருக்கட்டும் அம்மா. இனி ஒருவரும் இடம் தவறக்கூடாது. அப்பாவுக்கும் ஓர் ஓரத்தில் எழுதினேன். ஆள் இங்கே இல்லாவிட்டாலும் பெயராவது இருக்கட்டும். அதோடு சிலுவை நிரம்பிவிட்டது.

"அப்டியே இதுலயும் எழுதிக் குடுமா" என்று அவர் அப்பா நட்ட சிலுவையைக் காட்டினார்.

அடைக்கலமேரி என்று எழுதினேன். அன்புக் கணவர் சூசைநாதன் என்று எழுதினேன். அடியில் இடம் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்பு மகள்னு போடுமா."

"ரெஜினான்னு போடட்டா அங்கிள்?"

"பேரு வேணாம். மகள்னு மட்டும் போடு. பூ வெச்சது மகதான்னு எத்தினி வருசம் நெனச்சினு இருந்தேன். அது அப்டியே இருக்கட்டும்."

எழுதினேன். 'ள்' கொஞ்சம் கோணிவிட்டது. எங்கள் சிலுவையில் நான் அந்த வார்த்தையை எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பெயின்ட் காயட்டும் என்று இருவரும் டைல்ஸ் ஓரமாக மண்ணில் உட்கார்ந்தோம். நேற்று மாற்றிய கண்ணாடி அவருக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. பையைத் துழாவி ஒரு கமர்கட்டுப் பாக்கெட்டை எடுத்து லியோ மேட்டில் வைத்தார். அவர் மனைவிக்கு முறுக்கு.

"உனுக்கு இன்னா வாங்கியார்றதுன்னு தெர்ல" என்றார். "உனுக்கு இன்னாமா புடிக்கும்? சொல்லு, அடுத்த தபா எடுத்தாறேன்."

யோசித்துப் பார்த்தேன். உடனே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார்.